பினாங்குல தீவு விவசாயப் பொருளாதார கிளாஸ், ஆறு சனிக்கிழமை போய்ட்டு வந்து எழுதுறேன்

அந்த கிளாஸ் எப்படி இருந்துச்சு, காசுக்கு தகுமா, நம்ம பிள்ளைங்க போகலாமான்னு நாலஞ்சு பேரு தனித்தனியா கேட்டுட்டாங்க, அதனால ஒரே இடத்துல எழுதிடுறேன். லிட்டில் இந்தியாவுல ஒரு மளிகைக் கடைக்கு மேல்மாடியில நடக்குது, சனிக்கிழமை காலைல ஒன்பதரைல இருந்து ஒரு மணி வரைக்கும், மொத்தம் ஆறு வாரம், 380 வெள்ளி (ரிங்கிட்). நடத்துறவரு ரிட்டயர்டு லெக்சரர், நிபோங் திபால் பக்கம் தோட்டத்துல பொறந்து வளந்தவரு, ஃபிஜியிலயும் கரீபியன் பக்கமும் முப்பது வருஷத்துக்கு கிட்ட விவசாயப் பொருளாதாரம் சொல்லிக் கொடுத்துட்டு ஊரு திரும்பினவரு. பேரு போட வேணாம்னு கேட்டுக்கிட்டாரு, அதனால சார்னே எழுதுறேன்.

நான் பட்டர்வொர்த்துல ஒரு சரக்கு ஆபிஸ்ல கிளார்க்கு. எக்கனாமிக்ஸ் டிகிரி முடிச்சு நாலு வருஷம் ஆச்சு, மாஸ்டர்ஸ் பண்ணணும்னு ஆசை இருக்கு ஆனா எதுல பண்றதுன்னு ஒரு பிடி கிடைக்கல, அப்பதான் இந்த கிளாஸ் பத்தி ஒரு அக்கா சொன்னாங்க. தீவு விவசாயம்னதும் எனக்கு முதல்ல தோணினது தென்னமரமும் மீனும் தான், அதுல ஆறு வாரம் பேச என்ன இருக்குன்னு நெனச்சிட்டு தான் போனேன்.

முதல் நாள் உள்ள போய் உக்காந்ததும் சார் ஒவ்வொருத்தரையும் கேட்ட கேள்வி, “வரும்போது பெர்ரில வந்தியாம்மா, பாலத்துல வந்தியா?” நான் பெர்ரின்னேன், இப்ப பெர்ரில காரு ஏத்துறது இல்லையே, ஆளும் மோட்டார் பைக்கும் சைக்கிளும் தான், அதனால பாதி பேரு பாலம்னாங்க. அப்ப அவரு சொன்னாரு, 1985ல முதல் பாலம் வந்துச்சு, 2014ல ரெண்டாவது பாலம் வந்துச்சு, அதுல இருந்து சாமான் வெலைய பொறுத்தவரைக்கும் பினாங்கு தீவே கிடையாது, கேமரன் மலைல காலைல அறுத்த கீரை லாரிலயே இங்க வந்துடுது, பாலம் இல்லாத தீவ நெனச்சு பாருங்க, கப்பல் எப்ப வருதோ அப்பதான் அரிசின்னாரு. அப்புறம் போர்டுல ஒரு கப்பல் படம் போட்டு, வரும்போது அரிசி, கோதுமை மாவு, டின் மீன், சிமெண்டுன்னு ரொம்பி வருது, திரும்பும்போது அதுல என்ன இருக்கும்னு கேட்டாரு. யாரும் பேசல. எனக்கு பட்டுன்னு தெரிஞ்சுது, எம்ட்டி கன்டெய்னர் சார்னேன். தீவுல இருந்து ஏத்தி அனுப்ப சரக்கு கம்மி, அப்ப அந்த காலி பெட்டி திரும்பிப் போற செலவையும் சேத்து வர்ற சரக்கு மேல தான் போடுறாங்க, அதாவது அந்த தீவுல இருக்குற அம்மா வாங்குற ஒரு கிலோ மாவுல காலி பெட்டியோட வாடகையும் இருக்கு. நாலு வருஷமா நான் டாக்குமென்ட் போட்டுட்டு இருக்குறதே இந்த காலி பெட்டிக்கு தான், அது ஒரு படிப்புன்னு யாரும் எனக்கு சொன்னது இல்ல. அன்னைக்கு பெர்ரில திரும்பி வரும்போது துறைமுகத்துல அடுக்கி வச்சிருந்த பெட்டிய எல்லாம் பாத்துக்கிட்டே வந்தேன்.

ரெண்டாவது வாரம் சீனி. எனக்கு ரொம்ப புடிச்ச கிளாஸ் இதுதான், அதனால கொஞ்சம் நீளமா சொல்றேன். 1975ல லோமே ஒப்பந்தம்னு ஒண்ணு போட்டாங்க, அதுல சீனிக்குன்னு தனி உடன்பாடு, மொரிஷியஸ், ஃபிஜி, கரீபியன் நாடுங்க கிட்ட இருந்து ஐரோப்பா இவ்வளவு டன்னு கணக்கு வச்சு, உறுதி சொன்ன வெலைக்கு வாங்கும், பெரும்பாலான வருஷம் அந்த வெல உலக மார்க்கெட்ட விட நல்லா மேல தான் இருக்கும். அதுல பெரிய பங்கு மொரிஷியஸுக்கு. அந்த வெலைய நம்பியே ஊரு, ஆலை, ஸ்கூலு, கடன் எல்லாம் நடந்துச்சு. 2006ல ஐரோப்பா சீனி சட்டத்த மாத்தி வெலைய 36 சதவீதம் படிப்படியா கொறைக்க ஆரம்பிச்சது, 2009ல உடன்பாடே முடிஞ்சு போச்சு. செயின்ட் கிட்ஸ் தீவு முன்னூறு வருஷத்துக்கு மேல கரும்பு போட்ட எடம், அது 2005லயே சீனித் தொழில மொத்தமா மூடிடுச்சு. ட்ரினிடாட்ல அரசாங்கத்தோட கரோனி கம்பெனிய 2003லயே மூடினாங்க. மொரிஷியஸ் மட்டும் சின்ன ஆலைங்கள ஒண்ணா சேத்து, பழுப்பு சீனிக்கு பதிலா சுத்திகரிச்ச வெள்ள சீனி செஞ்சு, சக்கைய எரிச்சு கரண்ட் எடுத்து வித்து ஒரு மாதிரி நிமிந்துக்கிச்சு. ஒரே அடி, மூணு எடத்துல மூணு விதமா விழுந்துச்சு, ஏன்? உங்க பிஎச்டி இங்கதான் இருக்குன்னு சொல்லிட்டு சார் தண்ணி குடிக்கப் போய்ட்டாரு, ரூம்ல ஒரு சத்தம் இல்ல.

ஃபிஜி கத வேற. அங்க வெல ஒரு பக்கம்னா நெலம் இன்னொரு பக்கம். நெலத்துல பெரும்பகுதி பூர்வீக ஃபிஜி மக்களோடது, இந்திய வம்சாவளி கரும்புக்காரங்க குத்தகைக்கு தான் எடுத்து நட்டாங்க, 1976ல வந்த சட்டப்படி முப்பது வருஷ குத்தகை, பழைய குத்தகையெல்லாம் 1997ல இருந்து முடிய ஆரம்பிச்சது. 1879ல முதல் கப்பல்ல போனவங்க வட இந்தியாக்காரங்க, 1903ல இருந்து மெட்ராஸ் வழியா நம்ம ஆளுங்களும் போனாங்க, 1926ல ஆரம்பிச்ச தென்னிந்தியர் சங்கம் இன்னைக்கும் அங்க ஸ்கூல் நடத்துது. குத்தகை புதுப்பிக்காம போன ஒரு தமிழ்க் குடும்பம் வீட்டு தகரத்தையும் பலகையையும் கழட்டி லாரில ஏத்துறத சாரே நேர்ல பாத்திருக்காரு. அந்த வீட்டுப் பெரியவரு கடைசியா வாசல்ல இருந்த கருவேப்பில கன்னையும் தோண்டி எடுத்துக்கிட்டாராம். நெலத்துக்காரங்க பக்கத்து நியாயத்தையும் சார் அதே பொறுமையோட சொன்னாரு, குத்தகைப் பணம் வருஷக்கணக்கா ரொம்ப கம்மியா இருந்துச்சு, அவங்க பிள்ளைங்களுக்கும் நெலம் வேணும்ல. ரெண்டு பக்கத்தையும் கேக்க மனசு இல்லாதவன் இந்த படிப்புக்கு வர வேணாம்னு சொன்னாரு.

மூணாவது வாரம் ஜாதிக்காய், கிளாஸ் பாதி நேரம் சௌராஸ்தா மார்க்கெட்லயே நடந்துச்சு. அந்த பாலான்னு சொல்ற ஜாதிக்காய் ஊறுகாய் கடைங்க எல்லாம் நம்ம சின்ன வயசுல இருந்து பாத்தது தானே, அங்க நிறுத்தி வச்சு ஒரு காய் தோட்டத்துல என்ன வெல, வாங்குறவரு என்ன வெல, ஊறப் போடுறவங்க என்ன வெலன்னு ஒவ்வொருத்தரா போய் கேட்டு எழுதணும். கடைக்கார அம்மா ஒருத்தங்க முதல்ல முறைச்சாங்க, அப்புறம் உக்கார வச்சு அரை மணி நேரம் பேசினாங்க. திரும்பி வந்து தான் விஷயமே. ஜாதிக்காய் கன்னு வெதையில இருந்து நட்டா அது ஆணா பெண்ணான்னு பூக்குற வரைக்கும் தெரியாது, அதுக்கே அஞ்சாறு வருஷம் மேல ஆகும், காய்க்கிறது பெண் மரம் தான். அப்ப அந்த விவசாயிக்கு கடன் யாரு கொடுப்பா, எந்த நம்பிக்கையில? பினாங்குலயே கிழக்கிந்தியக் கம்பெனி காலத்துல நட்ட ஜாதிக்காய் தோட்டம் எல்லாம் 1860 வாக்குல நோய் வந்து அழிஞ்சு போனது தான். கரீபியன்ல கிரெனடா தீவு அப்ப இந்தோனேசியாவுக்கு அடுத்து உலகத்துலயே பெரிய ஜாதிக்காய் தீவா இருந்துச்சு, 2004 செப்டம்பர்ல ஐவன் புயல் வந்து பெரும்பாலான மரத்த சாச்சிட்டுப் போச்சு. வாழைன்னா அடுத்த வருஷம் எந்திரிச்சிடலாம், ஜாதிக்காய்க்கு பத்து வருஷம் பக்கம். அந்த பத்து வருஷம் அந்த வீட்டுல என்ன சாப்பிடுவாங்க? அந்த புயலுக்கு அப்புறம் தான் கரீபியன் நாடுங்க சேந்து 2007ல ஒரு இன்சூரன்ஸ் நிதி ஆரம்பிச்சாங்க, சேதத்த எண்ணி முடிக்கிற வரைக்கும் காத்திருக்காம காத்து வேகம் இவ்வளவு மேல போனா அரசாங்கத்துக்கு உடனே பணம்னு ஒரு ஏற்பாடு. பணம் சீக்கிரம் வருது ஆனா மரம் வச்சிருந்தவரு கைக்கு எவ்வளவு போய் சேருதுங்கிறது தனி ஆராய்ச்சின்னு சொன்னாரு.

நாலாவது வாரம் கணக்கு, ரிக்ரெஷன் (ஒண்ணு மாறினா இன்னொண்ணு எவ்வளவு மாறுதுன்னு பாக்குற கணக்கு), சர்வே. உண்மைய சொல்லணும்னா இது சரியா வரல. மூணரை மணி நேரத்துல அத்தனையும் அடைச்சு சொன்னதுல, முன்னாடியே படிச்சிருந்த எனக்கே கஷ்டமா இருந்துச்சு, பக்கத்துல இருந்த ரிட்டயர்டு டீச்சர் அண்ணன் பாவம் எழுதுறதயே நிறுத்திட்டாரு. இதுக்கு குறைஞ்சது ரெண்டு வாரம் வேணும். ஏர்கானும் அன்னைக்கு ஓடல. ஃபோட்டோஸ்டேட் நோட்ஸ்ல பாதி எழுத்து மங்கல். இதையெல்லாம் சார் கிட்டயே நேரா சொல்லிட்டேன், அவரும் குறிச்சு வச்சுக்கிட்டாரு. ஆனா அதே கிளாஸ்ல அவரு போற போக்குல சொன்ன ரெண்டு விஷயம் எந்த புத்தகத்துலயும் நான் பாத்தது இல்ல. சின்ன தீவுல இருநூறு வீட்ட சர்வே எடுத்தா அது பாதி தீவு, பேர மறைச்சாலும் மூணு படகு வச்சிருக்குறவரு யாருன்னு ஊருக்கே தெரியும், அதனால டேபிள் போடும்போதே யோசிச்சு போடணும். இன்னொண்ணு, ஃபிஜி கிராமத்துக்குள்ள போறதுக்கு முன்னாடி காவாங்கிற பானம் செய்யுற வேர் கட்டு கொண்டு போய் தலைவர் முன்னாடி வச்சு அனுமதி கேக்கணும், அது முடியாம ஒரு கேள்வியும் கேக்கக் கூடாது, ஆராய்ச்சி முடிஞ்சதும் திரும்பப் போய் என்ன கண்டுபிடிச்சோம்னு அவங்க கிட்டயே சொல்லணும். நம்ம மலேசியப் பொருளாதார அறிஞர் உங்கு அஜிஸ் பத்தியும் சொன்னாரு, வீட்டுல எத்தன சாரோங், எத்தன ஆளுன்னு எண்ணி கம்போங் (கிராமத்து) வறுமைய அளந்தவரு, அந்த மாதிரி வீட்டுக்குள்ள இருந்தே அளவுகோல எடுக்கத் தெரியணும்னு.

வேலைக்கு என்ன வழின்னு கேக்குறவங்களுக்கு அஞ்சாவது வாரம். இனிப்பு தடவாம பேசினாரு. மாஸ்டர்ஸ் ரெண்டு வருஷம், பிஎச்டி மூணுல இருந்து அஞ்சு, அதுக்கப்புறமும் காண்ட்ராக்ட் வேல தான் பெரும்பாலும். படிக்குற எடம்னா இங்க செர்டாங்ல யூபிஎம் (புத்ரா மலேசியா யுனிவர்சிட்டி) இருக்கு, 1931ல விவசாயப் பள்ளியா ஆரம்பிச்சது. ட்ரினிடாட்ல செயின்ட் அகஸ்டின், சமோவாவுல அலாஃபுவா, ரெண்டும் யுனிவர்சிட்டி வளாகம். பினாங்குலயே பத்து மாவுங்ல வேர்ல்ட்ஃபிஷ் தலைமை ஆபிஸ் இருக்கு, உலகம் முழுக்க சின்ன மீனவங்க பத்தி வேல பாக்குறாங்க, பட்டர்வொர்த்ல இருந்துக்கிட்டு எனக்கு அது தெரியாது. சின்ன நாட்டு அமைச்சுல எக்கனாமிஸ்டுன்னா சில நேரம் ஒரே ஆளு தான், வாணிபம், புள்ளிவிவரம், மீட்டிங் எல்லாம் அவரே, நீங்க நாப்பது பக்கம் எழுதி ஜர்னல்ல போட்டா உங்க பேருக்கு நல்லது, நாலு பக்கத்துல எழுதி அவரு மேசையில வச்சா தான் அந்த தீவுக்கு நல்லது, ரெண்டும் செய்யணும்னாரு. அப்புறம் ஆர்தர் லூயிஸ் கத. செயின்ட் லூசியான்னு ஒரு குட்டித் தீவுல 1915ல பொறந்தவரு, பதினாலு வயசுல ஸ்கூல முடிச்சிட்டு ஸ்காலர்ஷிப் எழுத வயசு பத்தலன்னு கவர்மெண்ட் ஆபிஸ்ல கிளார்க்கா உக்காந்தவரு, இன்ஜினியர் ஆக ஆசை ஆனா கறுப்பின ஆளுக்கு அந்த வேல யாரும் தர மாட்டாங்கன்னு வேற படிப்புக்குப் போனவரு, 1979ல விவசாயப் பொருளாதாரக்காரர் ஷுல்ட்ஸ் கூட நோபல் வாங்கினாரு. கிளார்க்குன்னு கேட்டதும் எனக்கு தொண்ட அடைச்சிடுச்சு.

குறைன்னு இன்னொண்ணு சொல்லணும். நம்ம பக்கத்து தீவுங்க, பங்கோர், புலாவ் கெத்தாம், பினாங்கு தெற்குல கடல்ல மண்ணு கொட்டி நெலமாக்குற திட்டத்தால கவலப்படுற மீனவங்க, இதுக்கெல்லாம் தனி வாரம் இல்ல. நான் கேட்டதுக்கு அப்புறம் அரை மணி நேரம் பேசினாரு, நல்லா தான் பேசினாரு, ஆனா பினாங்குல உக்காந்து பேசுற கிளாஸ்ல மீனுக்கு ஒரு முழு சனிக்கிழமை கட்டாயம் வேணும். ஸ்காலர்ஷிப் பாரம் எப்படி எழுதுறதுன்னும் சொல்லித் தரல. சர்டிபிகேட் கெடையாது, அத எதிர்பாத்து போகாதீங்க. மாடிப்படி செங்குத்தா இருக்கு, முட்டி வலி உள்ளவங்க யோசிச்சுக்கோங்க.

ஆறாவது வாரம் ஒவ்வொருத்தரும் மூணு பக்க ப்ரோப்போசல் கொண்டு வரணும். நான் சபா பக்கத்துல இருக்குற லாபுவான் எடுத்துக்கிட்டேன். அதுவும் தீவு தானே. உள்நாட்டுத் துறைமுகங்களுக்கு நடுவுல போற சரக்கு மலேசியக் கப்பல்ல தான் போகணும்ங்கிற கபோத்தாஜ் விதிய சபா, சரவாக், லாபுவானுக்கு 2017 ஜூன்ல தளர்த்தினாங்க, அதுக்கு முன்னாடியும் பின்னாடியும் அங்க ஒரு பாக்கெட் மாவு என்ன வெல, கொறஞ்சிருக்கா, கொறையலன்னா அந்த மிச்சக் காசு யாரு கையில நின்னுச்சு, இதுதான் என் கேள்வி. சார் செவப்பு பேனாவால ரெண்டு பக்கத்த அடிச்சிட்டாரு, மூணாவது பக்கத்துல காலி பெட்டி பத்தி நான் எழுதின ஒரு பத்திக்கு கீழ மட்டும் கோடு போட்டு, இதுல இருந்து ஆரம்பிம்மான்னாரு. இப்ப அத தான் திருப்பி எழுதிட்டு இருக்கேன், ஆபிஸ் முடிஞ்சு ராத்திரி.

என் கணக்குல அஞ்சுக்கு நாலு. எக்கனாமிக்ஸ், விவசாயம், மீன்வளம் படிச்சிட்டு அடுத்து என்னன்னு நிக்கிற பிள்ளைங்களுக்கு கண்டிப்பா சொல்வேன், டிகிரி இல்லாதவங்களும் நாலாவது வாரத்த தவிர மத்ததுல நல்லாவே கலந்துக்கலாம், அந்த டீச்சர் அண்ணன் ஜாதிக்காய் வாரத்துல எங்க எல்லாரையும் விட நல்லா வெல கேட்டு வந்தாரு. சீட்டு இருபது தான், முன்கூட்டியே சொல்லி வச்சிடுங்க. ஒன்பது மணிக்கே போனா கீழ பசியாறிட்டு ஜன்னல் ஓரம் எடம் புடிக்கலாம், காத்து வரும். முதல் நாளைக்கு வீட்டு ஒரு வார மளிகை பில்ல எடுத்துட்டு வரச் சொல்வாங்க, ஒவ்வொரு சாமானும் எந்த வழியா வந்துச்சுன்னு அதுல தான் எழுத வைப்பாரு, மறக்காம எடுத்துட்டு போங்க, நான் மறந்துட்டு பக்கத்துல இருந்த அக்காவோட பில்லுல தான் எழுதினேன்.