கெலுலுட்டா, அடுக்குத் தேனீயா? பினாங்கில் முதல் கூடு வைப்பவர்களுக்கு

தேனீ வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது "எத்தனை கிலோ தேன் கிடைக்கும்?" என்றுதான். ஆயர் ஈத்தாமிலோ பட்டர்வொர்த்திலோ தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டில் இருப்பவர் அதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை மூன்று: பக்கத்து வீட்டுச் சுவர் எத்தனை அடி தள்ளி இருக்கிறது, டிங்கிக் கொசுவை ஒழிக்க அடிக்கடி புகை அடிக்கிறார்களா, பெட்டியை வாரம் ஒருமுறை திறந்து பார்க்க நேரம் இருக்கிறதா. எந்தத் தேனீ என்பது இதிலேயே பாதி முடிவாகிவிடும்.

இங்கே வளர்க்கக் கிடைப்பவை மூன்று வகை. கெலுலுட் என்று மலாயில் சொல்லும் கொசுத்தேனீ. தென்னம்பொந்திலும் கால்வாய் மூடிக்கு அடியிலும் தானாகவே வந்து கட்டும் அடுக்குத் தேனீ. வெளியிலிருந்து கொண்டுவந்த இத்தாலியத் தேனீ.

இத்தாலியத் தேனீயைப் புதியவர்கள் இப்போதைக்கு மறந்துவிடலாம். கூட்டம் பெரியது, தேன் அதிகம், உண்மைதான். ஆனால் அது இந்த மண்ணில் பிறந்த பூச்சி இல்லை. வரோவா உண்ணி அடுக்குத் தேனீயிடமிருந்துதான் இதற்குத் தாவியது. அடுக்குத் தேனீ அந்த உண்ணியோடு வாழப் பழகிவிட்டது; இத்தாலியத் தேனீ பழகவில்லை, கவனிக்காமல் விட்டால் கூட்டமே அழியும். மலைத்தேனீயிடமிருந்து இன்னொரு உண்ணியும் வந்து சேரும். மருந்து, சர்க்கரைப்பாகு, பூ முடிந்ததும் லோரியில் ஏற்றி ரப்பர்த் தோட்டத்துக்கோ அகாசியாக் காட்டுக்கோ மாற்றுவது எல்லாம் தொழிலாகச் செய்பவர்களால்தான் முடியும்.

ஆக, போட்டி மற்ற இரண்டுக்கும் இடையில்தான்.

கெலுலுட்

கெலுலுட்டில் பலர் வளர்ப்பது இத்தாமா என்கிற கறுப்பு வகை. அதைவிடப் பெரிய, பழுப்பு நிற தொராசிக்காவும் உண்டு. முதல் கூட்டுக்கு இத்தாமாவையே எடுங்கள். கொட்டாத தேனீ என்பதால் சும்மா இருக்கும் என்று நினைக்க வேண்டாம். கூட்டைத் தொட்டால் தலைமுடிக்குள் புகுந்து கடிக்கும், காதுக்குள்ளும் போகப் பார்க்கும். தலைக்கு வலைத்தொப்பி போதும், கையுறை வேண்டாம்.

அமைப்பு எளிது. கீழே கூடு இருக்கும் மரக்கட்டை. அதன் தலையில் ஒரு பலகைப் பெட்டி, டாப்பிங் என்பார்கள். இரண்டுக்கும் நடுவில் ஓர் ஓட்டை. புழுக்கள் கட்டைக்குள், தேன் குடங்கள் மேல்பெட்டியில். பெட்டியின் மேல் ஒரு பிளாஸ்டிக் தாளைப் பரப்பி, அதன்மேல் மர மூடி, அதற்கும் மேல் மழைக்கு ஒரு கூரை. தாள் இருந்தால் குடங்களை உடைக்காமல் உள்ளே பார்க்கலாம்.

புதியவர்கள் அதிகமாகத் தவறு செய்வது கட்டையைக் கொண்டுவரும்போதுதான். காரின் பின்புறத்தில் படுக்கப் போட்டுக் கொண்டுவருகிறார்கள். கெலுலுட் ஒவ்வொரு அறையிலும் கூழ் போன்ற உணவை நிரப்பி, அதன்மேல் முட்டையை மிதக்கவிட்டு, அறையை மூடிவிடும். அதற்குப் பிறகு ஊட்டுவது கிடையாது. கட்டை சாய்ந்தால் முட்டை உணவுக்குள் மூழ்கிச் சாகும். வெளியில் எதுவும் தெரியாது. சில வாரங்கள் கழித்துத் தேனீக்கள் குறைந்துகொண்டே வரும்போதுதான் புரியும். ஆகையால் இருட்டிய பிறகு வாசலை வலைத்துணியால் அடைத்து, நின்ற வாக்கிலேயே ஏற்ற வேண்டும்.

வாங்கும்போது கூட்டின் வாசலில் தேனீ கட்டியிருக்கும் குழாயைத் தொட்டுப் பாருங்கள். விளிம்பு பிசுபிசுப்பாக, மென்மையாக இருந்தால் கூடு உயிரோட்டமாக இருக்கிறது என்று பொருள். காய்ந்து உடைகிற குழாய் நல்ல அறிகுறி அல்ல. காலை ஒன்பது மணி வாக்கில் பத்து நிமிடம் நின்று, காலில் மகரந்த உருண்டையோடு எத்தனை தேனீ நுழைகிறது என்று எண்ணுங்கள். காட்டு மரத்தை வெட்டி எடுத்த கட்டையைவிட, வளர்ப்பவர் பிரித்துக் கொடுக்கும் கூட்டையே கேட்டு வாங்குங்கள். ஒரு கூட்டுக்காக ஒரு மரம் விழுவது நம் மனதுக்கு ஒப்பாத காரியம்.

இன்னொரு தேவை பிசின். கெலுலுட் மெழுகோடு பிசினைக் கலந்துதான் எல்லாவற்றையும் கட்டும். பக்கத்தில் மாமரமோ பலாவோ இருந்தால் நல்லது. பூவுக்கு வேலியில் கொடிரோஜா, தொட்டியில் புங்கா புக்குல் லாப்பான் பூச்செடி, ஒரு பிளிம்பிங் மரம் என்று வைத்தால் தாமானிலும் பிழைத்துக்கொள்ளும்.

அடுக்குத் தேனீ

தேனீ வளர்ப்பு என்ற கலையைக் கற்க வேண்டும் என்றால் இதுதான் ஆசான். அடை கட்டிய மரச் சட்டத்தைத் தூக்கி முட்டை, புழு, மூடிய அறை எல்லாவற்றையும் கண்ணால் பார்க்கலாம். கூட்டமும் பல நேரம் காசில்லாமல் கிடைக்கும். பாலேக் பூலாவ், செபெராங் பிறை பக்கம் பழைய மெழுகு தடவிய வெறும் பெட்டியைத் தென்னை நிழலில் வைத்தால் தானே வந்து குடியேறுவதும் உண்டு.

பொந்திலிருந்து எடுக்கும்போது புழு இருக்கும் அடைகளைச் சட்டத்தின் அளவுக்கு வெட்டி, வாழைநாரால் சட்டத்தோடு கட்ட வேண்டும். மேல்பக்கம் மேலாகவே இருக்கட்டும். தேன் அடையைக் கட்டாதீர்கள். கனத்தில் அறுந்து விழுந்து எறும்பைக் கூட்டிவரும். இத்தாலியத் தேனீப் பெட்டியையும் பயன்படுத்த வேண்டாம். அதில் அடைகளின் நடுவுக்கு நடு 35 மில்லிமீட்டர்; அடுக்குத் தேனீக்கு ஏறத்தாழ 30 போதும். இடம் கூடினால் குறுக்கும் நெடுக்குமாக அடை கட்டும், பிறகு ஒரு சட்டத்தையும் தூக்க முடியாது.

பெரிய தலைவலி, ஓடிப்போவது. எறும்பு, மெழுகு அந்துப்பூச்சி, வெயில், பூப் பஞ்சம், அடிக்கடி திறந்து தொந்தரவு செய்வது, எது நேர்ந்தாலும் கூட்டமே ஒரு காலையில் கிளம்பிவிடும். பிடித்து வந்த முதல் மூன்று நாள் வாசலில் ராணி மட்டும் வெளியேற முடியாத ராணித் தடுப்பு போடுங்கள். ராணி புதியதாக, இன்னும் கருவுறாததாக இருந்தால் தடுப்பு வேண்டாம். அது வெளியே பறந்துதான் கருவுற வேண்டும். தொடர் மழையில் சர்க்கரையும் தண்ணீரும் சம அளவு கலந்து, அந்தி நேரத்தில் பெட்டிக்குள்ளேயே வையுங்கள். வெளியே ஒரு சொட்டுச் சிந்தினாலும் வேறு கூட்டத் தேனீக்கள் கொள்ளையடிக்க வந்துவிடும். வாரம் ஒருமுறை அடிப்பலகையைச் சுரண்டித் துடைத்தால் அந்துப்பூச்சி பாதி ஒழிந்தது.

கொட்டும். தேங்காய் மட்டைப் புகை இரண்டு ஊது ஊதி, ஒரு நிமிடம் பொறுத்துத் திறந்தால் அடங்கியிருக்கும். கொட்டிய இடத்தில் கொடுக்கை நகத்தால் உடனே சுரண்டி எடுத்து, புகை காட்டுங்கள். கொடுக்கின் வாசனை மற்றத் தேனீக்களையும் இழுக்கும். மூச்சு முட்டினால் தாமதிக்காமல் மருத்துவமனை. ஒட்டி ஒட்டி இருக்கும் வீடுகளில் பக்கத்து வீட்டுப் பிள்ளையை ஒரு தேனீ கொட்டினாலே போதும், பொம்பாவுக்கு (தீயணைப்புத் துறைக்கு) போன் போய்விடும்.

புகையும் எறும்பும்

டிங்கிப் புகை இரண்டையும் கொல்லும். ஆனால் தப்பவைப்பதில் பெரிய வித்தியாசம் உண்டு. புகை வரும் நாள் முன்கூட்டித் தெரிந்தால், விடியும் முன்பே கெலுலுட் வாசலை வலையால் அடைத்து, நிழலில் ஈரச்சாக்கைச் சுற்றி, மறுநாள் காலை திறந்துவிடலாம். ஒரு நாள் அடைப்பைத் தாங்கும். அடுக்குத் தேனீயை அப்படிப் பகல் முழுதும் அடைத்தால் பதறிச் சூடேறி, அடை இளகி விழும்; முந்தின இரவே வேறு இடத்துக்குக் கொண்டுபோவதே வழி. அடிக்கடி புகை அடிக்கும் தாமானில் கெலுலுட்டைத் தேர்ந்தெடுங்கள் என்று நாங்கள் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான், கொட்டாதது என்பது இரண்டாவது.

எறும்பு ஏறாமல் இருக்கப் பெட்டித் தாங்கியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துவது ஊர்ப் பழக்கம். இங்கே செய்யாதீர்கள். ஏடிஸ் முட்டையிடும், நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டம் 1975-இன் கீழ் அபராதமும் வரும். காலில் கிரீஸ் தடவுங்கள், அல்லது கிண்ணத்தில் பழைய எஞ்சின் எண்ணெய். கெரெங்கா எறும்பு கூட்டுக்கு இலைப்பாலம் போடாதபடி கிளைகளை வெட்டிவிடுங்கள்.

தேன்

அடுக்குத் தேன் பழகிய இனிப்பு. அடையில் முக்கால் பங்கு மூடிய பிறகே எடுங்கள். நம் ஈரக்காற்றில் முந்தி எடுத்தால் புளிக்கும். கெலுலுட் தேன் புளிப்பாகத்தான் இருக்கும். அளவும் குறைவு, ஒரு பெட்டியில் ஒரு தடவைக்கு அரைக் கிலோ வந்தாலே நல்ல கூடு. மலேசியத் தர நிர்ணயம் எம்எஸ் 2683:2017 அதற்கு 35 விழுக்காடு வரை ஈரத்தை அனுமதிக்கிறது. சாதாரணத் தேனுக்குப் பன்னாட்டுத் தரம் பொதுவாக 20 தான். மூடிய குடங்களில் மட்டும் துளையிட்டு, சிறிய உறிஞ்சு பம்பால் நேரே கண்ணாடிப் புட்டிக்கு இழுங்கள். குடங்களை வெட்டிக் கவிழ்த்து வடித்தால் மகரந்தம் கலந்து கசக்கும். சிந்தியதைத் துடைத்து, பெட்டி இடுக்குகளில் அன்றைக்கே டேப் ஒட்டுங்கள்; கூன் முதுகுச் சிற்றீக்கள் அந்த வாசனைக்கு வந்து முட்டையிட்டால் ஒரு வாரத்தில் கூடு புழுவாகிவிடும். புட்டியின் மூடியை இறுக்காமல் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள், வெளியே வைத்தால் வாயு சேர்ந்து மூடி தெறிக்கும்.