பில் பிரிக்கும் ஆப், ஆட்-ஆன் கார்டு, ஜாயிண்ட் அக்கவுண்ட்: கை கடிக்கும் நாளில் எது முகத்தைக் காப்பாற்றும்?

இருவர் சேர்ந்து குடும்பம் நடத்தப் பயன்படும் பணக் கருவிகளுக்கு விமர்சனம் எழுதுபவர்கள் வசதி, கட்டணம், பாதுகாப்பு என மூன்றையும் பார்த்து நட்சத்திரம் போட்டுவிடுகிறார்கள். நாலாவதாக ஒன்றையும் பார்க்க வேண்டும். ஒருவர் கையில் பணம் குறைந்திருக்கும் நாளில், அந்தக் கருவி அதை யாரிடம், எப்போது, எவ்வளவு சத்தமாகச் சொல்கிறது? பணம் இல்லாததைப் பலர் சமாளித்துவிடுவார்கள். இல்லாதவராகத் துணைக்கு முன்னால் தெரிவதுதான் சுருக்கென்று தைக்கும். அதற்குப் பிறகு வரும் சண்டை வேறு எதைப் பற்றியோ இருக்கும், ஆனால் காரணம் இதுவாகத்தான் இருக்கும். இந்த ஓர் அளவுகோலை வைத்தே மூன்றையும் பார்க்கலாம்.

முதலில் பில் பிரிக்கும் ஆப்பான ஸ்பிளிட்வைஸ். 2011-ல் இது தொடங்கியபோது ஒரே வீட்டில் தங்கியிருப்பவர்கள் வாடகையைப் பிரித்துக்கொள்ளும் கருவியாகத்தான் வந்தது. அந்தப் பிறவிக்குணம் இன்னும் போகவில்லை. பதிகிற ஒவ்வொரு செலவும் ஒருவர் இன்னொருவருக்குத் தர வேண்டிய கடனாகவே உட்காரும். தர வேண்டிய தொகை ஆரஞ்சு நிறத்தில், வர வேண்டியது பச்சையில். ரூம்மேட்டுகளுக்கு இதைவிட நல்ல கணக்குப்பிள்ளை கிடைப்பது கஷ்டம். கணவன் மனைவிக்கு நடுவில் வைத்தால், மின்கட்டணம் கட்டியவர் மறந்துவிடாமலிருக்கப் பதிந்து வைத்த ஒரு வரி, அலுவலகத்தில் இருக்கும் மற்றவரின் போன் திரையில் 'நீங்கள் இவ்வளவு தர வேண்டும்' என்று வந்து நிற்கும். பதிந்தவருக்கு அது குறிப்பு, படித்தவருக்கு அது வசூல்.

செட்டிங்ஸில் கைவைத்தால் பாதி வலி குறையும். நோட்டிஃபிகேஷன் பகுதிக்குப் போய், செலவு சேர்த்தாலும் திருத்தினாலும் வரும் அறிவிப்புகளை இருவருமே அணைத்துவிடுங்கள். அன்றாடச் செலவை ஒவ்வொன்றாக ஏற்றாமல், மாதக் கடைசியில் ஒரே பதிவாக ஏற்றுங்கள். ரிமைண்டர் அனுப்பும் வசதி ஒன்று உண்டு. துணைக்கு அதை ஒருபோதும் பயன்படுத்த வேண்டாம், வாய்விட்டுக் கேட்பதே மேல்.

அடுத்தது பிரிக்கும் விகிதம். ஆப் எப்போதும் சரிபாதியில்தான் தொடங்கும். செலவைப் பதியும்போது 'சமமாக' என்ற இடத்தைத் தொட்டால் சதவீதம், பங்கு, குறிப்பிட்ட தொகை என்று மற்ற வழிகள் வரும். வருமானம் 75-க்கு 25 என்றால் சதவீதத்தைவிடப் பங்கு சுலபம்: ஒருவருக்கு 3, மற்றவருக்கு 1. இந்த விகிதத்தை நிரந்தரமாகச் சேமித்து வைப்பது கட்டணப் பதிப்பில் வரும் வசதி. இலவசப் பதிப்பில் ஒவ்வொரு முறையும் மாற்ற வேண்டும், ஒருமுறை மறந்தாலும் சரிபாதிக்குப் போய்விடும். குறைவாகச் சம்பாதிப்பவர் 'இதை மாத்திடேன்' என்று கேட்க வேண்டிய நிலை அங்கேதான் வருகிறது. அதனால் பதியும் வேலையை அதிகம் சம்பாதிப்பவரிடமே விடுங்கள். தவறு நடந்தால் திருத்தும் பொறுப்பும் அவருடையது.

விகிதம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை ஒரு கணக்கில் பார்க்கலாம். இருவர் வருமானமும் சேர்ந்து 100. ஒருவருக்கு 75, மற்றவருக்கு 25. வீட்டுச் செலவு 40. சரிபாதி போட்டால் ஆளுக்கு 20, கையில் மிஞ்சுவது 55, 5. அந்த 5-ஐ வைத்துக்கொண்டு மாதம் முழுக்க 'எனக்கு வேண்டாம், நீ வாங்கிக்கோ' என்று சொல்லிக்கொண்டிருப்பவரைத்தான் நாம் சிக்கனக்காரர் என்கிறோம். வருமான விகிதத்தில் போட்டால் 30, 10. மிஞ்சுவது 45, 15. மூச்சுவிட இடம் கிடைக்கும். இன்னும் ஒருபடி போய், மிஞ்சுவது இருவருக்கும் சமமாக இருக்க வேண்டும் என்று போட்டால் ஆளுக்கு 30 நிற்க வேண்டும். அப்படியானால் ஒருவர் 45 தர வேண்டும், மற்றவர் எதுவும் தராமல் 5 வாங்கிக்கொள்ள வேண்டும். நியாயத்தின்படி பார்த்தால் இதுதான் சிறந்தது என்று வாதிடலாம். ஆனால் வருமான இடைவெளி இந்த அளவுக்கு இருக்கும்போது மாதாமாதம் 5 வாங்கிக்கொள்ள மனம் ஒப்பாது. செலவில் தன் பங்கு என்று சொல்லிக்கொள்ள ஒரு தொகை இருப்பது, அது 10-ஆகவே இருந்தாலும், முதுகை நிமிர்த்தி வைக்கும். நம் ஓட்டு வருமான விகிதத்துக்கே.

வருமானம் மாதாமாதம் மாறுபவர்கள் அந்தந்த மாதத்தை வைத்து விகிதம் போடக் கூடாது. மோசமான மாதத்தில் 'இந்த மாசம் என் பங்கைக் குறைச்சுக்கலாமா?' என்று கேட்க நேரும். கடைசி 3 மாதச் சராசரியை எடுத்து, 3 மாதத்துக்கு ஒருமுறை தேதி குறித்து மாற்றுங்கள். தேதிதான் விகிதத்தை மாற்றுகிறது, யாரும் கேட்டு மாறவில்லை.

நண்பர்களோடு போகும் பயணக் குழுவில் இன்னொரு சிக்கல். குழுவில் யார் யாருக்கு எவ்வளவு பாக்கி என்பது எல்லோருக்கும் தெரியும். போதாக்குறைக்குக் கடன்களைச் சுருக்கும் வசதி ஒன்றும் இருக்கிறது. நீங்கள் துணைக்கும், துணை ஒரு நண்பருக்கும் தர வேண்டியிருந்தால், நீங்களே நேராக நண்பருக்குத் தரும்படி அது மாற்றிவிடும். மொத்தத் தொகையில் பிசகு இருக்காது. ஆனால் கையில் காசில்லாதவர் பெயர் இப்போது நண்பரின் திரையில் இருக்கும். இதற்கு வழி, குழுவில் தம்பதி இருவரையும் ஒரே பெயராகச் சேர்த்து 2 பங்கு போடுவது. வெளிக்கணக்கை ஒருவர் முடிக்கட்டும், உள்கணக்கு வீட்டுக்குள் முடியட்டும்.

இரண்டாவது, ஆட்-ஆன் கார்டு: ஒருவரின் கிரெடிட் கார்டு கணக்கிலேயே துணைக்கும் வாங்கித் தரும் கூடுதல் கார்டு. 'இந்தா, என் கார்டுல உனக்கு ஒண்ணு' என்று கொடுப்பது பெருந்தன்மையாகத் தெரியும். மூன்றில் முகத்தை அதிகம் வாட வைப்பது இதுதான். காரணங்கள் இரண்டு. துணை எங்கே தேய்த்தாலும், பெரும்பாலும் முதன்மைக் கார்டுக்காரரின் போனில் கடைப்பெயரோடும் தொகையோடும் செய்தி விழும். அவர் ஒன்றும் கேட்காவிட்டாலும் பார்த்திருப்பார் என்பது இவருக்குத் தெரியும். அடுத்தது, லிமிட், அதாவது கார்டில் செலவழிக்கக்கூடிய உச்சத்தொகை, இருவருக்கும் பொதுவானது. முதன்மைக் கார்டுக்காரர் ஒரு பெரிய செலவில் லிமிட்டைத் தின்றுவிட்டால், கவுண்டரில் மாட்டிக்கொண்டு விழிப்பது ஆட்-ஆன் வைத்திருப்பவர்.

அந்தக் கவுண்டர் நிமிடத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் பாருங்கள். மெஷின் இருமுறை கத்தும். 'வேற கார்டு இருக்கா?' என்ற கேள்வி வரிசை முழுக்கக் கேட்கும். பின்னால் நிற்பவர் எடையை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாற்றுவார். பக்கத்தில் நிற்கும் துணை ஒன்றும் சொல்லாமல் தன் பையின் ஜிப்பைத் திறப்பார். உதவிதான், ஆனால் அந்த ஜிப் சத்தம் நாள் முழுக்கக் காதில் இருக்கும்.

இதில் வேடிக்கை, மெஷின் மறுத்ததற்குப் பணமின்மை காரணமாக இல்லாமலும் இருக்கலாம். கார்டு மெஷினும் வங்கியும் பேசிக்கொள்ளும் முறையை வகுக்கும் ஐஎஸ்ஓ 8583 என்ற தரத்தின்படி வங்கியிடமிருந்து மெஷினுக்கு ஓர் இரண்டு இலக்கப் பதில் வருகிறது. 51 என்றால் பணம் போதவில்லை, 55 என்றால் பின் நம்பர் தவறு, 91 என்றால் கார்டு தந்த வங்கியின் கணினியே பதில் தரவில்லை, 05 என்றால் காரணம் சொல்லாமல் மறுப்பு. சில மெஷின்கள் இந்த எண்ணைத் துண்டுச் சீட்டில் அச்சிடும். சீட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். இன்னொரு காரணம் பிடித்தத்தொகை. தங்கும் விடுதியோ வாடகைக் காரோ முன்கூட்டியே ஒரு தொகையைப் பிடித்து வைத்திருக்கும், அது விடுபடச் சில நாட்கள் ஆகலாம். அதுவரை கணக்கில் இருக்கும் பணம் செலவுக்கு இல்லாத பணம். டெபிட் கார்டில் இது நேராகக் கையிருப்பையே கடிக்கும் என்பதால், அங்கெல்லாம் கிரெடிட் கார்டைக் கொடுப்பது நல்லது.

ஆட்-ஆன் கார்டு வேண்டியே ஆக வேண்டும் என்றால், வங்கி அனுமதித்தால் துணையின் கார்டுக்குத் தனி உள்-லிமிட் போட்டு, செய்தி இருவர் எண்ணுக்கும் போகுமாறு மாற்றி வையுங்கள்.

மூன்றாவது ஜாயிண்ட் அக்கவுண்ட், அதாவது இருவர் பெயரிலும் இருக்கும் பொது வங்கிக் கணக்கு. மூன்றில் மானம் காப்பது இதுவே. பில் வரும் நேரத்துக்கு முன்பே பணம் இடம் மாறியிருப்பதுதான் காரணம், கேட்பதும் கொடுப்பதும் அங்கே இல்லை. அதிலிருந்து ஆளுக்கொரு கார்டு அவரவர் பெயரில் வாங்கிக்கொள்ளலாம், யார் தேய்த்தாலும் அது வீட்டுப் பணம். சம்பளம் முழுவதையும் இதில் கொட்ட வேண்டாம். ஆளுக்கொரு தனிக் கணக்கு இருக்கட்டும், விகிதப்படியான தொகை மட்டும் பொதுக் கணக்குக்குத் தானாகப் போகட்டும். துணைக்குப் பரிசு வாங்கியதும் துணைக்கே தெரிந்துவிடாமலிருக்க வேறு வழியில்லை.

கோட்டைவிடும் இடங்கள் உண்டு. தானியங்கி மாற்றலைச் சம்பள நாளிலேயே வைத்தால், விடுமுறையால் சம்பளம் தள்ளிப்போகும் மாதத்தில் அது தோற்றுப்போகும், வங்கியைப் பொறுத்து அபராதமும் விழும். 2, 3 நாள் தள்ளி வையுங்கள். நிலையற்ற வருமானக்காரர் தன் தனிக் கணக்கில் ஒரு மாதப் பங்கைக் கூடுதலாக வைத்துவிட்டு மாற்றலைத் தொடங்கட்டும், வேலை வராத மாதத்திலும் மாற்றல் நின்றுபோகாது. கணக்கைத் திறக்கும்போது, ஒருவர் கையெழுத்தே போதுமா, இருவரும் வேண்டுமா என்று கேட்பார்கள். அன்றாடச் செலவுக்கு முதலாவதே சரி. இரண்டாவதில் ஒவ்வொரு செலவுக்கும் துணையிடம் போய் நிற்க வேண்டியிருக்கும்.

பற்றாக்குறை வரும் மாதத்தில் அதிகம் சம்பாதிப்பவர் சொல்லாமல் நிரப்பிவிடுவதைப் பார்க்கலாம். ஸ்டேட்மெண்டில் அது தெரியாமலா போகும்? துல்லியமாகக் குறைந்த அதே தொகை வந்திருந்தால் இன்னும் மோசம். முன்பே பேசிவிட்டு, முழு எண்ணாக ஒரு தொகையை மாதத் தொடக்கத்தில் போடுங்கள். மாற்றலோடு குறிப்பு எழுதும் கட்டத்தில் 'வீடு' என்று இருந்தால் போதும், துணையின் பெயர் அங்கே வேண்டாம்.