ஒரே நாளில் விடுவதா, எண்ணிக் குறைப்பதா?

களுவாஞ்சிகுடிச் சந்தைப் பக்கத்துத் தேநீர்க் கடை வாங்கில் இருந்துகொண்டு, "சிகரெட்டை எப்படி விடுவது?" என்று ஒரு பேச்சைப் போட்டுப் பாருங்கள். தேநீர் ஆறுவதற்குள் இரண்டு கட்சி எழுந்துவிடும். "விடுகிறவன் ஒரே நாளில் விட வேண்டும், பாதி விட்டவன் விடாதவன்தான்" என்பார் ஒருவர். "பத்தை எட்டாக்கு, எட்டை ஐந்தாக்கு, உடம்பு தானாக வழிக்கு வரும்" என்பார் மற்றவர். நான் 17 வருடம் புகைத்தவன். இரண்டு வழியிலும் ஒவ்வொரு தடவை தோற்று, மூன்றாம் தடவைதான் விட்டேன். இப்போது 6 வருடம் கடந்துவிட்டது. இரண்டு கட்சிக்கும் சொல்ல என்னிடம் விஷயம் இருக்கிறது.

முதலில் எண்ணிக் குறைத்துப் பார்த்தேன். ஒரு நாளைக்கு 12 சிகரெட் என் கணக்கு. வாரத்துக்கு இரண்டு வீதம் குறைத்து நாலுக்கு வந்தேன். நாலுக்கு வந்த பிறகு அந்த நாலும் என் நாளையே ஆண்டன. காலை ஆறரை மணிச் சிகரெட் அணைந்த கணத்திலிருந்து பத்து மணிச் சிகரெட்டுக்குக் காத்திருப்பேன். இழுக்கும்போது முன்னைவிட ஆழமாக, பஞ்சு சுடும்வரை இழுப்பேன். எண்ணிக்கையைக் குறைப்பவர்கள் பலருக்கும் இது நேர்கிறது. பழகிய நிக்கொட்டின் அளவைக் குறைந்த சிகரெட்டிலிருந்தே உறிஞ்சிவிடப் பார்க்கும் உடம்பு. பிறகு ஊரில் ஒரு மரண வீடு. இரவு முழுக்க விழித்திருக்க வேண்டும். வட்டாவில் வெற்றிலையும் பாக்கும், பக்கத்துத் தட்டில் சிகரெட்டும் பீடியும். விடியும்போது பதினொன்று முடித்திருந்தேன்.

இந்தச் சண்டையை ஆய்வாளர்களும் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தினர் 697 பேரை இரண்டாகப் பிரித்து நடத்திய ஆய்வு 2016இல் வெளிவந்தது. ஒரு பகுதியினர் குறித்த நாளில் ஒரேயடியாக நிறுத்தினார்கள்; மற்றவர்கள் இரண்டு வாரம் குறைத்துக் குறைத்து நிறுத்தினார்கள். நாலு வாரம் கழித்துப் பார்த்தபோது ஒரேயடியாக விட்டவர்களில் 49 வீதமானோர் புகைக்காமல் இருந்தார்கள். குறைத்து விட்டவர்களில் 39 வீதமானோர். ஆறு மாதத்தில் அது 22க்கு 15.5 ஆனது. "எனக்குக் குறைத்து விடுவதுதான் பிடிக்கும்" என்று முன்கூட்டியே சொன்னவர்கள்கூட, ஒரேயடியாக நிறுத்தும் பகுதியில் விழுந்தபோது கூடுதலாகத் தாக்குப்பிடித்தார்கள். பின்னர் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது இந்த இடைவெளி இவ்வளவு பெரிதாகத் தெரியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். குறைத்து விடுவதும் பலிக்கலாம். ஆனால் குறைப்பதற்கு ஒரு முடிவுத் திகதி வேண்டும். என்னிடம் அது இருக்கவில்லை. "படிப்படியாக" என்ற சொல்லுக்குள் நான் இரண்டு வருடம் ஒளிந்திருந்தேன்.

அப்படியானால் முதற் கட்சி வென்றதா? அவசரப்பட வேண்டாம். அந்த ஆய்வில் இரண்டு பகுதியினருக்குமே நிக்கொட்டின் மருந்தும் தாதியரின் ஆலோசனையும் கிடைத்தன. தேநீர்க் கடையில் "ஒரே நாளில் விடு" என்பவர் வெறுங்கையோடு விடச் சொல்கிறார். எந்தத் துணையுமில்லாமல் விட்டவர்களில் ஆறு மாதமோ ஒரு வருடமோ தாண்டியவர்கள் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பேர்தான்.

நானும் வெறுங்கையோடுதான் இரண்டாம் தடவை இறங்கினேன். இரத்தத்தில் உள்ள நிக்கொட்டின் ஏறக்குறைய இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை பாதியாகிக்கொண்டே போகும். முதல் நாள் வீறாப்பிலேயே கழிந்துவிட்டது. இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும்தான் கடும் நாட்கள்: தலைக்குள் பஞ்சடைத்தது போல இருக்கும், வயிறு இறுகும், தூக்கம் வராது, காரணமில்லாமல் கோபம் வரும். மூன்றாம் நாள் மாலை என் மகள் வண்ணப் பென்சில் பெட்டியைத் தவறவிட்டாள். பன்னிரண்டு பென்சிலும் சீமெந்துத் தரையில் உருண்டன. அதற்கு நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு வேலியோரம் ஆட்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள். மகள் அழவில்லை, குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். நான் செருப்பைக்கூடப் போடாமல் பெட்டிக்கடைக்கு நடந்தேன். "இவ்வளவு கெட்டவனாக இருப்பதற்குப் புகைத்துவிட்டுப் போகலாம்" என்று அன்று நினைத்தேன். அந்தக் கோபம் என் குணமில்லை, நாலு வாரத்துக்குள் வடிந்துவிடும் ஒரு நோய்க்குறி என்று எவராவது அன்று சொல்லியிருந்தால் நான் திரும்பி வந்திருப்பேன்.

மருந்துக் கதைக்கு முன்னால் நேர்த்தியைப் பற்றிப் பேச வேண்டும். எங்கள் பக்கத்தில் அதிகம் பேர் நம்பும் வழி அது. ஐயப்பனுக்கு மாலை போட்டவர் மாலை கழற்றும்வரை பீடியைத் தொட மாட்டார். உகந்தை வழியாகக் காட்டுப்பாதையில் கதிர்காமத்துக்கு நடப்பவர் நடை முடியும்வரை தொட மாட்டார். காத்தான்குடியில் இருக்கும் என் நண்பன் நாளுக்கு ஒரு பெட்டி புகைப்பவன். நோன்பு மாதத்தில் பதின்மூன்று மணித்தியாலம் புகையில்லாமல் வேலை பார்ப்பான். பகலில் தேடுவதேயில்லை என்பான். "ஆனால் பாங்கு சொல்லிக் கஞ்சி குடித்த ஐந்தாவது நிமிடம் கை தானாகப் பெட்டிக்குப் போகிறது மச்சான்" என்று ஒருமுறை சொன்னபோது அவனுக்குக் கண் கலங்கியது.

அவன் சொன்னதில் இந்தப் பழக்கத்தின் பாதி இரகசியம் இருக்கிறது. இஸ்ரேலில் புகைபிடிக்கும் விமானப் பணியாளர்களை வைத்துச் செய்த ஆய்வொன்று 2010இல் வெளியானது. மூன்று முதல் ஐந்தரை மணிநேரம் பறக்கும் குறுகிய பயணம், பத்து மணிநேரத்துக்கு மேற்பட்ட நீண்ட பயணம் இரண்டிலும் ஏக்கத்தை அளந்தார்கள். குறுகிய பயணம் தரையிறங்கும் வேளையில் ஏக்கம் உச்சத்தில் இருந்தது. நீண்ட பயணத்தில் அதே அளவு நேரம் கடந்திருந்தபோது அவ்வளவு ஏக்கமில்லை; தரையிறங்கப் போகும்போதுதான் எழுந்தது. கதவு பூட்டியிருக்கும் நேரத்தில் மனம் கதவைத் தட்டுவதில்லை. திறக்கப் போகிறது என்று தெரிந்ததும் தட்டத் தொடங்குகிறது. நேர்த்தியின் பலம் இதுதான். கதவைப் பூட்டிச் சாவியைச் சாமியிடம் கொடுத்துவிடுகிறது. அதன் பலவீனமும் அங்கேயே இருக்கிறது. மாலை கழற்றும் நாள், பெருநாள், நடை முடியும் நாள் என்று கதவு திறக்கும் நேரம் முன்கூட்டியே எல்லோருக்கும் தெரியும்.

மருந்து வேறு வேலையைச் செய்கிறது. நிக்கொட்டின் சுவிங்கமும் தோலில் ஒட்டும் பட்டையும் மனத்தோடு பேசுவதில்லை. இரத்தத்துக்கு மட்டும் கொஞ்சம் கொடுத்து, பிறகு குறைக்கின்றன. புகையில் வரும் தாரும் காபன் மொனொக்சைட்டும் இவற்றில் இல்லை. விடும் வாய்ப்பை இவை ஏறக்குறைய ஒன்றரை மடங்காக உயர்த்துகின்றன என்பது நூற்றுக்கு மேற்பட்ட ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த முடிவு. பட்டை நாள் முழுக்க மெதுவாகக் கொடுக்கும். சுவிங்கம் திடீரென்று எழும் ஏக்கத்துக்கு உதவும். இரண்டையும் சேர்த்துப் பாவிப்பது ஒன்றை மட்டும் பாவிப்பதைவிட நல்லது. எங்கள் ஊர்ப் பார்மசியில் நான் கேட்டபோது சுவிங்கம் இருக்கவில்லை. சொல்லிவைத்து எடுப்பிக்க வேண்டியிருந்தது. ஆகவே விடும் நாளைக் குறிப்பதற்கு முன் மருந்தைக் கையில் எடுத்துவிடுங்கள். இதய நோயாளரும் கர்ப்பிணிகளும் வைத்தியரைக் கேட்காமல் தொடக்கூடாது.

சுவிங்கத்தை மெல்லுவதற்கு ஒரு முறை இருக்கிறது. அது தெரியாமல் முதல் நாள் டொபியைப் போலச் சப்பினேன். விக்கல் எடுத்தது, தொண்டை எரிந்தது. மெதுவாக மெல்ல வேண்டும். காரம் போல ஒரு சுறுசுறுப்பு நாவில் ஏறியதும் நிறுத்தி, கன்னத்துக்கும் முரசுக்கும் இடையில் ஒதுக்கிவைக்க வேண்டும். சுறுசுறுப்பு அடங்கியதும் மறுபடி மெல்ல வேண்டும். அரை மணித்தியாலம் இப்படி. நிக்கொட்டின் வாய்த் தோல் வழியாகத்தான் ஏற வேண்டும், விழுங்கினால் பயனில்லை. மெல்லுவதற்குக் கால் மணித்தியாலம் முன்பிருந்தே எதுவும் குடிக்கக்கூடாது. எழுந்து அரை மணித்தியாலத்துக்குள் முதற் சிகரெட் தேவைப்படுகிறவருக்கு 4 மில்லிகிராம், மற்றவர்களுக்கு 2 மில்லிகிராம். தொடக்கத்தில் ஒன்றிரண்டு மணித்தியாலத்துக்கு ஒன்று. பிறகு குறைத்து மூன்று மாதமளவில் முடித்துவிடலாம்.

தேநீரைப் பற்றியும் ஒரு சொல். புகையில் உள்ள தார்ப் பொருட்கள் ஈரலைத் தூண்டி, கஃபீனை வேகமாக வெளியேற்ற வைக்கின்றன. புகையை விட்டதும் அந்த வேகம் குறைந்துவிடும். குடிக்கும் அதே தேநீர் முன்னைவிடக் கூடுதலாக ஏறும். கைநடுக்கமும் தூக்கமின்மையும் வந்ததும் "சிகரெட் கேட்கிறது" என்று நினைப்போம். எட்டு வெறுந்தேநீரை நாலாக்கிய பிறகுதான் எனக்கு இரவுத் தூக்கம் திரும்பியது.

தேநீர்க் கடையில் மூன்றாவதாக ஒரு கட்சியும் உண்டு. குரலை உயர்த்தாமல், எல்லோரும் தலையாட்டும்படி பேசும் கட்சி: "சிகரெட்டை விட்டுவிட்டு வெற்றிலை போடு." இந்த ஒன்றுக்கு மட்டும் என்னால் பொறுமையாகப் பதில் சொல்ல முடியாது.

என் அப்பா படுவான்கரையில் வேளாண்மை செய்தவர். யானைக் காவலுக்கு வயல் வாடியில் இரவிரவாக விழித்திருப்பார். தூக்கத்தை ஓட்டப் பீடி. நெஞ்சில் சளி கட்டியதும் பீடியை விட்டுவிட்டு வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலைக்கு மாறினார். அவர் புகையை வென்றதாக வீட்டில் எல்லோரும் மகிழ்ந்தோம். சில வருடங்களில் உறைப்புக் கறி வாய்க்குள் போகாமல் போனது. அம்மா இறைச்சித் துண்டைத் தண்ணீரில் அலசிக் கொடுப்பார். பிறகு வாய் திறப்பது சுருங்கியது. ரொட்டியை விரல் நகமளவு கிள்ளி, பல்லுக்கிடையில் செருகுவது போல உண்பார். பல் வைத்தியர் மூன்று விரலைச் சேர்த்து வாய்க்குள் வைக்கச் சொன்னார். இரண்டுக்கு மேல் போகவில்லை. "பீடியைத்தானே மகன் விடச் சொன்னார்கள்?" என்று வீடு வரும்வரை திரும்பத் திரும்பக் கேட்டார்.

பாக்கும், புகையிலை சேராத வெற்றிலைக் கூட்டும்கூடப் புற்றுநோயை உண்டாக்குபவை என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2004இல் வகைப்படுத்திவிட்டது. இலங்கை ஆண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய்தான். வாய்க்கு வேலை வேண்டுமென்றால் கச்சான் கொறியுங்கள், ஒரு கராம்பைக் கடித்துக்கொள்ளுங்கள், இஞ்சித் துண்டை ஒதுக்கிவையுங்கள். வெற்றிலைக்கு மாறுவதை விடுதலை என்று கணக்கிடாதீர்கள். மின்சிகரெட் பக்கமும் போக வேண்டாம். கள்ளமாக வரும் அந்தப் பொருளுக்குள் என்ன இருக்கிறது என்று கேட்க ஆளில்லை.

மூன்றாம் தடவை நான் செய்தது இதுதான்: வைகாசியில் ஊர்க் கண்ணகி அம்மன் திருக்குளிர்த்தி முடிந்த மறுநாளை விடும் நாளாகக் குறித்தேன். சுவிங்கம் கையில் இருந்தது. 1948 என்ற இலக்கத்தில் தேசிய புகையிலை மற்றும் மதுசார அதிகாரசபையின் உதவிச் சேவை இருப்பது தெரியும். அழைக்கக் கூச்சப்பட்டு முதல் வாரத்தைத் தனியாகக் கடந்தேன். கூச்சப்பட்டிருக்க வேண்டியதில்லை. முன்னிரண்டு தடவையும் இரகசியமாக விட்டவன், இம்முறை மனைவிக்கும் மகளுக்கும் சொன்னேன். மகள் கலண்டரில் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு சரி போட்டாள்.

23ஆம் நாள் கல்லடிப் பாலத்தடியில் பழைய நண்பர்களோடு நின்றபோது ஒன்றை வாங்கி இழுத்துவிட்டேன். இது ஒரு நேர்த்தியாக இருந்திருந்தால் முறிந்துபோயிருக்கும். முறிந்தது முறிந்ததுதான் என்று அன்றிரவே பெட்டி வாங்கியிருப்பேன். வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் கலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தக் கட்டத்தில் சரி போடாமல் ஒரு சிறிய வட்டம் வரைந்தாள். "நாளைக்குச் சரி போடுவோம் அப்பா" என்றாள். வீட்டுக்குச் சொல்லி விடுவதா, சொல்லாமல் விடுவதா என்று என்னைக் கேட்கிறவர்களுக்கு அந்த வட்டத்தைத்தான் சொல்கிறேன்.

காத்தான்குடி நண்பன் கடந்த நோன்பில் திட்டத்தை மாற்றினான். நோன்பையே விடும் மாதமாக வைத்துக்கொண்டான். ஆனால் இரவுக்கென்று சுவிங்கம் வாங்கினான். பேரீச்சம்பழத் தட்டுக்குப் பக்கத்தில் அந்த அட்டை இருக்கும். கஞ்சி குடித்தவுடன் அதை எடுக்கக் கூடாது என்று சொல்லியிருந்தேன். மஃரிப் தொழுதுவிட்டு வந்து, கடிகாரத்தைப் பார்த்து, பிறகு ஒன்றை வாயில் போடுவான். பெருநாளன்று காலை எனக்கு அழைப்பெடுத்து, அட்டையில் இன்னும் எத்தனை மீதி என்று எண்ணிச் சொன்னான்.