தர்பூசணி: செங்காயா, கனிந்த பழமா?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் திண்டிவனம் பக்கத்துப் பழம் வந்து குவிந்ததும் எங்கள் வீட்டில் இந்தப் பேச்சு தொடங்கிவிடும். "செங்காயா பாத்து எடுத்துட்டு வாம்மா, நாலு நாள் வெச்சா பழுத்துடும்" என்பார் மாமியார். எனக்குக் கனிந்ததுதான் வேண்டும். இந்தப் பங்குனியில் இரண்டையும் வாங்கினேன். கனிந்ததை அன்றே அறுத்தோம், செங்காயை ஐந்து நாள் கழித்து.

செங்காய் நாள் தாங்கும், தூக்கிவரும்போது வெடிக்காது. சரி, அவ்வளவுதான்.

கொடியை விட்டு அறுத்தபின் தர்பூசணியில் இனிப்பு ஏறாது என்பதுதான் என் முழு வாதமும். மாங்காயிலும் வாழைக்காயிலும் சேர்ந்திருக்கும் மாவுச்சத்து பழுக்கும்போது சர்க்கரையாகிவிடும். தர்பூசணியில் அந்தச் சேமிப்பு கிடையாது. இலையிலிருந்து வருவதுதான் எல்லாம். அதிலும் முதலில் குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் என்ற சர்க்கரைகள் நிறைந்து, சுக்ரோஸ் என்ற சர்க்கரை கடைசி நாட்களில்தான் கூடும், அதற்குள் அறுத்துவிட்டால் போச்சு. எங்கள் செங்காய் நடுவில் நல்ல சிவப்பாகத்தான் இருந்தது, வாயில் வைத்தால் வெள்ளரிக்காய் மாதிரி சப்பென்று. அத்தை சொன்னதில் பாதி சரி: சிவப்பைத் தரும் லைகோபீன், முழுப்பழத்தை ஃப்ரிட்ஜில் வைக்காமல் வெளியே வைத்தால் அறுவடைக்குப் பிறகும் கொஞ்சம் ஏறும். நிறம் ஏறுகிறது, இனிப்பு ஏறவில்லை.

கனிந்த பழத்திலும் எல்லா இடமும் ஒன்றல்ல. நடுச்சதையில் சர்க்கரை அதிகம், தோலை நெருங்க நெருங்கக் குறையும். காம்புப் பக்கத்தைவிடப் பூ உதிர்ந்த முனை இனிக்கும். அதனால் நான் நீளவாக்கில் கீற்றுப் போடுவேன், எல்லார் தட்டுக்கும் நடுச்சதை வரும். வட்டமாக அறுத்தால் காம்புப் பக்கம் கிடைத்த பிள்ளை பாதியில் வைத்துவிடுகிறது.

அப்புறம் பச்சைத்தோலுக்கும் சதைக்கும் நடுவில் இருக்கும் வெள்ளைப் பகுதியை எறியாதீர்கள். 1930இல் ஜப்பானில் தர்பூசணிச் சாற்றிலிருந்து பிரித்தெடுத்த சிட்ருலின் என்ற அமினோ அமிலம், ஈரம் நீக்கிக் கணக்கிட்டால் சதையைவிடத் தோல் பகுதியில் அதிகம். பச்சைத்தோலைச் சீவிவிட்டு மோர்க்குழம்பில் போட்டால் பூசணிக்காய் போலவே வேகும். அந்தச் செங்காய் கடைசியில் அதற்குத்தான் பயன்பட்டது.

மஞ்சள் சதைப் பழம் இரண்டே முறைதான் வாங்கியிருக்கிறேன், ருசியை அடித்துச் சொல்ல மாட்டேன். லைகோபீன் அதில் மிகக் குறைவு.

கடையில் பழத்தைப் புரட்டி, மண்ணில் படிந்திருந்த இடத்தைப் பாருங்கள். வெளுப்பாக இருந்தால் வைத்துவிடுங்கள், வெண்ணெய் மஞ்சளாக இருந்தால் எடுங்கள்.