கேடன்ஸா, பல்சரா, ப்ளோகேடா? டிஜிட்டல்-அனலாக் குவாண்டம் நிரலுக்கு எது தோது

குவாண்டம் கணினியின் அடிப்படை அலகு க்யூபிட், அதன்மேல் செய்யும் ஒரு செயல் கேட். இரண்டு க்யூபிட்டுகளைச் சேர்த்து இயக்கும் கேட்டில்தான் பிழை அதிகம் சேர்கிறது. அதனால் க்யூபிட்டுகளுக்கு நடுவே இயல்பாக இருக்கும் இடைவினையையே கொஞ்ச நேரம் ஓடவிட்டு, இடையிடையே ஒற்றை க்யூபிட் கேட்டுகளைச் செருகுவதுதான் டிஜிட்டல்-அனலாக் முறை. இதை எழுத எந்தக் கருவி என்று கேட்டால், நான் கேடன்ஸ் (Qadence) பக்கம். ஆனால் பல்சரைத் (Pulser) தொடாமல் அங்கே போகாதீர்கள்.

இரண்டும் பாஸ்கல் நிறுவனத்தின் பைத்தான் நூலகங்கள்தான். பல்சரில், க்யூபிட்டுகளாகப் பயன்படும் அணுக்களை எத்தனை மைக்ரோமீட்டர் தள்ளி வைப்பது, லேசர் பல்ஸின் வீச்சும் டீட்யூனிங்கும் (அணுவின் இயல்பு அதிர்வெண்ணிலிருந்து லேசர் விலகும் அளவு) நேரத்தோடு எப்படி மாறுவது என்று எல்லாவற்றையும் நீங்களே சொல்ல வேண்டும். ரிட்பெர்க் அணுக்களின் (மிக உயர்ந்த ஆற்றல் நிலைக்கு ஏற்றிய அணுக்கள்) இடைவினை தூரத்தின் ஆறாம் அடுக்கில் குறைகிறது, அதாவது இடைவெளியை இரட்டிப்பாக்கினால் வலிமை 64-ல் ஒரு பங்காகிவிடும், ஆகவே அணுக்களை அடுக்கும் விதமே பாதி நிரல். இது கைக்குப் பழக பல்சரை விட நல்ல இடம் இல்லை. இயந்திரத்தின் வரம்பை மீறினால் அப்போதே பிழை காட்டி நிறுத்திவிடும்.

கேடன்ஸ் ஒரு படி மேலே நிற்கிறது. கேட்டுகளையும் ஹாமில்டோனியன் பரிணாமத்தையும் (இடைவினையை நேரத்தோடு ஓடவிடுவது) ஒரே நிரலில் கலக்கலாம், இயந்திரக் கற்றல் நூலகமான பைடார்ச் மேல் கட்டியதால் அளவுருக்களுக்கு வகைக்கெழு எடுத்துப் பயிற்சியும் கொடுக்கலாம். அளவுருக்களைத் திருத்தித் திருத்தி விடை தேடும் வேரியேஷனல் வேலைக்கு இது பெரிய நிம்மதி.

ப்ளோகேட் (Bloqade), க்யூஎரா நிறுவனத்துடையது, முதலில் ஜூலியா மொழியில் வந்து அப்புறம் பைத்தானுக்கு மாறியது. அமேசானின் குவாண்டம் மேகச் சேவையான பிராக்கெட்டில் இருக்கும் 256 க்யூபிட் அக்விலா இயந்திரத்துக்கு அனலாக் வேலை அனுப்ப இது அருமை, அளவுரு ஸ்கேன் எழுதுவது மிகச் சுலபம். ஆனால் அக்விலா அனலாக் மட்டும்தான், ப்ளோகேடிலும் அனலாக் பகுதியும் சர்க்யூட் பகுதியும் தனித்தனி தொகுப்புகள், எனவே கலந்து எழுத நினைப்பவருக்கு இது ஒத்துவராது.

பென்னிலேன் என்ற குவாண்டம் நூலகத்திலும் பல்ஸையும் கேட்டையும் கலக்கலாம், ஜாக்ஸ் (JAX) என்ற பைத்தான் கணக்கீட்டு நூலகம் பழகியவர்கள் பார்க்கலாம். ஐபிஎம்மின் கிஸ்கிட் நூலகத்தில் இருந்த பல்ஸ் பகுதியை நம்பி இறங்காதீர்கள், கிஸ்கிட் 2.0-வில் அதை எடுத்துவிட்டார்கள்.

கேடன்ஸில் கவனிக்க ஒன்று உண்டு. அதன் டிஜிட்டல்-அனலாக் மாற்றம், ஒற்றை க்யூபிட் கேட் ஓடும்போது இடைவினையை அணைக்க முடியும் என்று வைத்துக்கொள்கிறது. நிஜ அணுக்களில் அது அணையாது. சிமுலேட்டரில் அழகாக வந்த விடையை, பல்சர் பின்தளத்தில் ஒருமுறை ஓட்டி ஒப்பிடாமல் நம்ப வேண்டாம்.