சால்ட் லேக் சிட்டி முன்னோடிகள் நினைவு அருங்காட்சியகம்: முன்னோரின் பெயரும் பிறந்த ஆண்டும் கையில் இருக்கட்டும்

அமெரிக்காவின் யூட்டா மாநிலச் சட்டமன்றத்துக்கு மேற்கே, மெயின் தெருவில் இருக்கிறது இந்த அருங்காட்சியகம். முன்னோடிகள் என்றால் யூட்டாவில் ஆரம்பத்தில் குடியேறியவர்கள், பெரும்பாலும் மார்மன் கிறிஸ்தவர்கள். 1901இல் தொடங்கிய 'யூட்டா முன்னோடிகளின் மகள்கள்' சங்கத்தார் நடத்துகிறார்கள். முகப்பு, 1928இல் இடிக்கப்பட்ட சால்ட் லேக் நாடக அரங்கின் சாயலில் கட்டியது.

உள்ளே பெரும்பாலும் வம்சத்தார் கொடுத்த வீட்டுச் சாமான்கள். பொம்மை, மெத்தைவிரிப்பு, மரத்தட்டுமுட்டு என்று கண்ணாடிப் பெட்டிகள் நிரம்பி வழியும். விளக்கம் குறைவு; யாருடையது என்பதுதான் முக்கியம். ஒன்றுமே தெரியாமல் போனால் அரை மணியில் சலித்துவிடும்.

முடி மாலைகளைத் தவறவிடாதீர்கள். தலைமுடியை மெல்லிய கம்பியில் கண்ணி கண்ணியாக வளைத்துக் கட்டி, இதழாக்கிப் பூவாகச் சேர்த்திருப்பார்கள். குடும்ப மாலையில் நிறம் மாறினால் ஆள் மாறுகிறார்: ஓரிடத்தில் நரை, பக்கத்திலேயே குழந்தையின் பொன்னிறம். இதைவிட நெருக்கமான குடும்பப் பதிவேடு எது?

பட்டுப் பொருள்களுக்கும் நேரம் ஒதுக்குங்கள். மார்மன் திருச்சபைத் தலைவர் பிரிகாம் யங் ஊக்குவிக்க, பெண்கள் வீட்டிலேயே முசுக்கொட்டை இலை போட்டுப் புழு வளர்த்தார்கள். தர்மபுரிப் பக்கம் புழு வளர்ப்பவர்களுக்குத் தெரியும், நாளுக்குப் பலமுறை இலை போட்டு மாளாது. உழைப்புக்கேற்ற வருமானமில்லை; 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரசு ஊக்கத்தொகை நின்றதும் தொழிலும் படுத்துவிட்டது.

ஆவணம் தேடுபவர்கள் கவனிக்க: 'முன்னோடி' என்றால் இங்கே 1847 முதல் 1869 மே 10க்குள் வந்தவர். அன்றுதான் யூட்டாவின் புரோமன்டரியில் கண்டம் கடக்கும் ரயில்பாதை இணைந்தது. பிறகு வந்தவர்கள் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள். வாழ்க்கைக் குறிப்புகளும் படங்களும் பெயர்வாரியாக உண்டு. ஆனால் பெயர் மட்டும் போதாது. பலதார மணக் குடும்பங்களில் ஒரே குடும்பப்பெயரில் பல கிளைகள் இருக்கும். தாயின் பெயரும் பிறந்த ஆண்டும் இல்லாவிட்டால் தவறான தாத்தாவைத்தான் பிடிப்பீர்கள். வாழ்க்கைக் குறிப்புகள் பல, பேரன் பேத்திகள் பின்னாளில் நினைவிலிருந்து எழுதியவை. தேதிகளை அப்படியே நம்பாமல், கீழே வெஸ்ட் டெம்பிள் தெருவிலுள்ள ஃபேமிலிசர்ச் வம்சாவளி நூலகத்தில் மக்கள்தொகைக் கணக்கு, ஞானஸ்நானப் பதிவுகளோடு ஒப்பிடுங்கள். அங்கே கட்டணமில்லை, ஞாயிறு விடுமுறை.

குடியேறியவர்களின் பிள்ளைகள் சேர்த்த இடம் இது. அதற்கு முன்பே அந்த மண்ணில் வாழ்ந்த யூட், ஷோஷோனி மக்களின் தரப்பைக் கேட்க, யூட்டா இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் பூர்வகுடிக் கூடத்துக்கும் ஒரு நாள் வையுங்கள்.