கடைசி வண்டி எத்தனை மணிக்கு? கார் இல்லாமல் மலையும் காடுமாக வாழ ஆறு ஊர்கள்

மலை பக்கத்தில் இருக்க வேண்டும், காடு வேண்டும், முடிந்தால் ஒரு ஏரியோ கடலோ வேண்டும். ஆனால் கார் வாங்குவதாக இல்லை. இப்படி முடிவெடுத்து ஊர் தேடுகிறவர்கள் முதலில் பார்ப்பது புகைப்படங்களைத்தான். தூரத்துப் பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி. நான் முதலில் பார்க்கச் சொல்வது பஸ் டைம்டேபிளை. அதிலும் மலைக்குப் போகிற முதல் வண்டியை விடுங்கள், அங்கிருந்து திரும்புகிற கடைசி வண்டியைப் பாருங்கள். மாலை நாலரைக்கே அது கிளம்பிவிடும் என்றால் அந்த மலை உங்களுக்கு விடுமுறை நாள் மலை மட்டும்தான். செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து, இரண்டு மணி நேரம் காட்டில் நடந்துவிட்டு, வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் படுக்க முடியுமா? சுற்றுலாப் பயணிக்கு இந்தக் கேள்வியே எழாது. குடியிருக்கப் போகிறவர் இதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

கூடவே இன்னொரு கேள்வி: நவம்பரில் அந்த ஊர் எப்படி இருக்கும்? கோடைக் கூட்டம் போய்விட்டது, பனிச்சறுக்குக் கூட்டம் இன்னும் வரவில்லை. அந்த இடைவெளியில் வண்டிகள் ஓடுகின்றனவா?

இந்த இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு, இந்தப் பேச்சில் அடிக்கடி அடிபடும் ஆறு ஊர்களைப் பார்க்கலாம்.

கார் இல்லாத ஊர் என்றதும் எல்லோரும் சொல்வது சுவிட்சர்லாந்தின் ஜெர்மாட். பெட்ரோல், டீசல் கார்கள் ஊருக்குள் வரவே முடியாது. 5 கி.மீ. கீழே டேஷ் என்ற ஊரில் வண்டியை நிறுத்திவிட்டு 12 நிமிட ரயிலில் வர வேண்டும். தெருவில் ஓடுவதெல்லாம் பெட்டி போன்ற சின்ன மின்சார வண்டிகள். 1898 முதல் ஓடும் கார்னர்கிராட் ரயில் 3,089 மீட்டர் வரை ஏற்றிவிடும், எதிரே 4,478 மீட்டர் மேட்டர்ஹார்ன் நிற்கும். அழகில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் சுமார் 6,000 பேர் வாழும் ஊர், வேலை என்றால் பெரும்பாலும் விடுதியைச் சுற்றித்தான், வீடு கிடைப்பது குதிரைக்கொம்பு. பெரிய ஊரில் ஒரு வேலை என்றால் ஃபிஸ்ப் வரை பள்ளத்தாக்கு முழுக்க இறங்க வேண்டும், அதற்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். கார் நுழைய முடியாத ஊரும் கார் தேவைப்படாத ஊரும் ஒன்றல்ல என்று எனக்குப் புரிந்தது ஜெர்மாட்டைப் பற்றி யோசித்தபோதுதான்.

பிரான்ஸின் ஷாமொனி இதன் இன்னொரு வடிவம். 1924-இல் முதல் குளிர்கால ஒலிம்பிக் நடந்த ஊர். சென் ஜெர்வேயிலிருந்து வரும் சிறிய ரயில் பள்ளத்தாக்கு நெடுக நின்று நின்று போகிறது, எல்லையருகே வண்டி மாறினால் சுவிட்சர்லாந்தின் மார்ட்டினி வரை செல்லலாம். அநேகமாக ஒவ்வொரு நிறுத்தத்திலிருந்தும் ஒரு நடைபாதை மேலே கிளம்புகிறது. கார்காரர்களுக்கு இல்லாத ஒரு வசதி இதில் இருக்கிறது. அவர்கள் எங்கே நிறுத்தினார்களோ அங்கேயே திரும்பியாக வேண்டும். நீங்கள் ஒரு ஸ்டேஷனில் இறங்கி, மலைச்சரிவு வழியாக நடந்து, நாலு ஸ்டேஷன் தள்ளி ஏறிக்கொள்ளலாம். சரி, குறை? ஷாமொனி பருவத்தை நம்பி வாழும் ஊர். 3,777 மீட்டருக்குப் போகும் எகுய் டு மிடி ரோப் கார் நவம்பரில் பராமரிப்புக்காக மூடப்படுவது வழக்கம், பஸ்களும் குறைந்துவிடும். நல்ல வீடுகளில் பாதிக்கு ஆண்டில் பல மாதம் விளக்கே எரியாது, ஏனென்றால் அவை வேறெங்கோ இருப்பவர்களின் விடுமுறை வீடுகள்.

ஆக, மலைக்குள்ளேயே இருக்கும் சிற்றூரைவிட, மலையை ஒட்டிய நகரம் தேவலை. இங்கேதான் இன்ஸ்ப்ரூக் வருகிறது.

ஆஸ்திரியாவின் டிரோல் மாநிலத் தலைநகர், சுமார் 1,30,000 பேர். 1964, 1976 என இரண்டு முறை குளிர்கால ஒலிம்பிக் நடத்தியது. பழைய நகரத்தின் ஓரத்தில், தரைக்கடியில் இருக்கும் ஒரு ஸ்டேஷனில் மலை ரயில் ஏறுகிறீர்கள். இன் நதியைப் பாலத்தில் தாண்டி, சட்டென்று செங்குத்தாக ஏறி, ஹங்கர்புர்க் என்ற மேட்டுப் பகுதியில் இறக்கிவிடுகிறது. 2007-இல் திறந்த இந்த ஸ்டேஷன்களை வடிவமைத்தவர் ஸாஹா ஹடித், உருகி வழியும் பனிக்கட்டி போல இருக்கும் கூரைகள். அங்கிருந்து இரண்டு ரோப் கார் மாறினால் 2,256 மீட்டரில் ஹாஃபலேகார் ஸ்டேஷன். நகரம் இருப்பதோ 574 மீட்டரில். காபிக்கடை மேசையிலிருந்து எழுந்து அரைமணி நேரத்தில் வெறும் பாறையும் காற்றும் மட்டும் இருக்கும் இடத்தில் நிற்கிறீர்கள்.

உயரத்து ரோப் கார்கள் மாலையில் நின்றுவிடும், அது உண்மை. ஆனால் தினசரி நடைக்கு உச்சி தேவையில்லை. ஹங்கர்புர்க்கிலிருந்தே காட்டுப்பாதைகள் தொடங்குகின்றன, மலை ரயில் நின்ற பிறகும் அங்கிருந்து நகரப் பஸ் உண்டு. போதாததற்கு, பெரிய ரயில் நிலையத்தின் முன்னாலிருந்து ஒரு டிராம் கிளம்பி, காடும் புல்வெளியுமாக வளைந்து ஸ்டுபாய் பள்ளத்தாக்கின் ஃபுல்ப்மெஸ் வரை போகிறது. 2021-இல் வந்த கிளிமாடிக்கெட் என்ற ஆண்டு அட்டையின் நாடு தழுவிய வகையை எடுத்தால், ஆஸ்திரியா முழுக்க ரயில், டிராம், பஸ் எல்லாவற்றிலும் ஏறலாம். காசு செலவழித்தாயிற்று, இனி ஏறுவதுதான் லாபம் என்ற மனநிலையே ஆளை வெளியே தள்ளிவிடும்.

இன்ஸ்ப்ரூக்கின் வில்லன் ஃபோன் என்ற தெற்கத்திக் காற்று. மலை தாண்டி இறங்கும்போது சூடாகி, சில நாட்கள் வேகம் பிடித்தால் ரோப் காரையே நிறுத்திவிடும். தலைவலி வருகிறது என்று புலம்பாத உள்ளூர்க்காரர் குறைவு. பல்கலைக்கழக ஊர் என்பதால் வாடகை வீட்டுக்கு மாணவர்களோடு மல்லுக்கட்ட வேண்டும்.

ஆஸ்லோவை முதலில் இந்தப் பட்டியலில் சேர்க்கவே நான் தயங்கினேன். நார்வேயின் தலைநகரம், செங்குத்தான மலை கிடையாது, வெறும் காட்டுக் குன்றுகள். ஆனால் செவ்வாய்க்கிழமைக் கேள்வியைக் கேட்டதும் அது எல்லோரையும் முந்திக்கொண்டு முன்னால் வந்து நின்றது.

மெட்ரோவின் 1-ஆம் தடம் 469 மீட்டர் உயரத்தில், ஃப்ராக்னர்சேட்டரன் என்ற ஸ்டேஷனில் முடிகிறது. கதவு திறந்தால் காடு. குளிர்கால மாலைகளில் ஆபீஸ் பையோடு ஒருவர், தோளில் ஸ்கீயோடு அடுத்தவர் என்று ஒரே பெட்டியில் நிற்பார்கள், யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அந்த ஸ்டேஷன் அருகிலிருந்து தக்கைத்திருகி என்று பொருள்படும் கோர்க்கெட்ரெக்கரன் என்ற சறுக்குப்பாதை 2 கி.மீ. வளைந்து வளைந்து இறங்குகிறது, மொத்த இறக்கம் 255 மீட்டர். சிறு சறுக்குவண்டியில் உட்கார்ந்து, கால்களால் பிரேக் பிடித்துக்கொண்டு மிட்ஸ்டூவன் ஸ்டேஷன் அருகே போய்ச் சேருகிறீர்கள். பனியைத் தட்டிவிட்டு அடுத்த மெட்ரோவில் ஏறினால் மறுபடி மேலே. ஸ்கீ லிஃப்டின் வேலையை நகர மெட்ரோவே பார்க்கிறது!

கோடையில் 1-ஆம் தடத்தில் மேலேறி, காட்டுக்குள்ளே நடந்து, ஏரிக்கரையில் முடியும் 5-ஆம் தடத்தின் சோங்ன்ஸ்வான் ஸ்டேஷனில் வீட்டுக்கு ஏறலாம். ஷாமொனியில் சொன்ன ஒருவழி நடை இங்கே அன்றாட வழக்கம். ஃபியோர்டு என்ற கடற்கழியில் உள்ள தீவுகளுக்குப் போகும் படகிலும் அதே நகர டிக்கெட்தான். நகரம் வளர்ந்து இந்தக் காட்டைத் தின்றுவிடாமல் இருக்க 2009-இல் தனிச் சட்டமே போட்டார்கள். 1957-ஆம் ஆண்டின் இன்னொரு சட்டம், வேலியில்லாத இயற்கை நிலத்தில் எவரும் நடக்கலாம் என்கிறது. வீடுகளிலிருந்து 150 மீட்டர் தள்ளி இருந்தால் பொதுவாக இரண்டு இரவு வரை கூடாரமும் போடலாம்.

டிசம்பரில் பகல் ஆறு மணி நேரம்தான். அதற்கும் வழி செய்திருக்கிறார்கள், ஸ்கீ பாதைகள் பலவற்றில் தெருவிளக்கு போல விளக்கு எரியும். உயர்ந்த மலை வேண்டும் என்கிறவர் பெர்கன் ரயிலில் நாலு மணி நேரத்துக்கு மேல் பயணம் செய்து 1,222 மீட்டரில் இருக்கும் ஃபின்சேயில் இறங்கலாம். அந்த ஊருக்குப் பொதுச் சாலையே கிடையாது. கார் வைத்திருப்பவரும் உங்களோடு ரயிலில்தான் வந்தாக வேண்டும். இதில் ஒரு அல்ப சந்தோஷம் இருக்கிறது, மறைப்பானேன்.

கனடாவின் வான்கூவரும் கிட்டத்தட்ட இதே ரகம், ஆனால் ஓட்டைகள் அதிகம். நகர மையத்திலிருந்து 12 நிமிடம் சீபஸ் படகு, அப்புறம் 236-ஆம் எண் பஸ், கிரவுஸ் மலை அடிவாரம் வந்தாயிற்று. அங்கே 2.5 கி.மீ. தூரத்தில் 800 மீட்டர் ஏறும் கிரவுஸ் கிரைண்ட் என்ற படிப்பாதை, முழங்கால் இருக்கிறதா என்று சோதித்துப் பார்க்க ஏற்ற இடம். ஹார்ஸ்ஷூ பே வரை பஸ், அங்கிருந்து 20 நிமிடப் படகில் போவன் தீவு. பஸ்களின் முன்புறம் இரண்டு சைக்கிள் மாட்டலாம். ஆனால் பக்கத்திலேயே இருக்கும் சைப்ரஸ், சீமோர் மலைகளுக்கு மேலே நகரப் பஸ் போவதில்லை. பனிச்சறுக்கு மாதங்களில் தனியார் ஷட்டில்தான். ஜன்னலில் தெரிகிற மலைக்குப் போக வழியில்லாமல் இருப்பது, மலையே இல்லாத ஊரில் இருப்பதைவிட எரிச்சலானது. நவம்பர் மழையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கொலராடோவின் போல்டர் ஒரு விசித்திரம். செவ்வாய்க்கிழமைத் தேர்வில் இதற்கு ஏறக்குறைய முழு மதிப்பெண், அதுவும் பஸ்ஸே இல்லாமல். 1967-லேயே ஊர்மக்கள் வாக்களித்துத் தங்கள் மீதே விற்பனை வரி போட்டுக்கொண்டு, சுற்றியுள்ள நிலத்தை வாங்கித் திறந்தவெளியாக வைத்துவிட்டார்கள். அதனால் தெரு முடிகிற இடத்தில் பாதை தொடங்குகிறது. ஃபிளாட்டயர்ன்ஸ் பாறைகளின் அடிவாரத்துக்கு நடந்தே போகலாம், ஓடையோரச் சைக்கிள் பாதை சாலைகளுக்கு அடியில் நுழைந்து நுழைந்து ஓடுகிறது. ஆனால் அந்த வட்டத்தைத் தாண்டினால் அமெரிக்கா தன் முகத்தைக் காட்டிவிடும். நெடர்லேண்ட் என்ற மலையூருக்கும், பனிச்சறுக்கு காலத்தில் எல்டோரா சறுக்குத்தளத்துக்கும் பஸ் உண்டு, டென்வருக்கும் நல்ல பஸ் உண்டு. மற்றபடி யாராவது ஏற்றிக்கொண்டு போனால்தான். 2004-இல் வாக்காளர்கள் ஒப்புக்கொண்ட திட்டத்தில் போல்டருக்கு ரயிலும் இருந்தது. ரயில் இன்னும் வரவில்லை. ஒரே மலைச்சரிவில் பத்து வருடம் சலிக்காமல் நடக்கிறவர் என்றால் போல்டர் போதும்.

வேலை, மொழி, விசா எல்லாம் ஒருவேளை சமமாக அமைந்தால் என் வரிசை ஆஸ்லோ, இன்ஸ்ப்ரூக், கொஞ்சம் இடைவெளி விட்டு வான்கூவர். பாறையும் உயரமும் இல்லாமல் மனம் ஆறாது என்கிறவர் முதல் இரண்டை மாற்றிக்கொள்ளலாம், சண்டைக்கு வரமாட்டேன். ஜெர்மாட்டுக்கும் ஷாமொனிக்கும் நான் விருந்தாளியாகவே போய்வருவேன்.

ஊரைத் தேர்ந்த பிறகு எந்தத் தெரு என்பதிலும் பாதி விஷயம் இருக்கிறது. ஆஸ்லோவில் 1 அல்லது 5-ஆம் தடத்தின் ஸ்டேஷனுக்கு நடக்கும் தூரம். இன்ஸ்ப்ரூக்கில் ஹங்கர்புர்க் பஸ் போகும் வழி. வான்கூவரில் ஃப்ரேசர் ஆற்றுக்குத் தெற்கே மலிவாகக் கிடைக்கிறது என்று போகாமல், சீபஸ் வந்து நிற்கும் லான்ஸ்டேல் கீ பக்கம். போல்டரில் ஊரின் மேற்கு ஓரம். வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், நவம்பர் மாதத்தில் ஒரு வாரநாள், மழையோ பனியோ பெய்துகொண்டிருக்கும்போது, காட்டிலிருந்து அந்தக் கடைசி வண்டியைப் பிடித்து அந்த வீட்டு வாசல் வரை ஒருமுறை வந்து பாருங்கள்.